ஐப்பசி மழைக்கு ஆப்பிள் பட்டை குக்கீஸ்

போன வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. கோட்டையூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஆச்சி ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் சின்னச் சம்படமுமாக வாசலில் வந்து நின்றார். மிச்சிகனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தார். சம்படத்தைத் திறந்தால் உள்ளே டிஷ்யூ காகிதத்தில் சுற்றிய ஒரே ஒரு குக்கீ.

"ஏம்மா, இதுல நம்ம கறிக்குப் போடுற பட்டை வாசம் அடிக்குது பாரு. ஆனா இனிப்பு. ஆப்பிள் போட்டதாம். தீபாவளிக்குப் பேத்தி வருது. நீ செஞ்சு குடுப்பியா?"

பாதியைக் கிள்ளி வாயில் போட்டேன். ஓரம் மொறுமொறு, நடு மெத்து. ஆப்பிள் துண்டாக எங்கும் தட்டுப்படவில்லை. மென்று முடித்த பிறகு லேசாக ஒரு புளிப்பும் பழ வாசமும் மட்டும் நாக்கில் நின்றது. பட்டை, சாதிக்காய், கிராம்பு மூன்றும் தெரிந்தன. நாலாவதாக இன்னொன்று இருந்தது. அது ஆல்ஸ்பைஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஜமைக்கா பக்கத்தில் விளைகிற, மிளகு மாதிரி இருக்கும் ஒரு காய். பட்டையும் கிராம்பும் சாதிக்காயும் சேர்ந்தாற்போல் மணக்கும். அதைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம், நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே போதும்.

என் அப்பா பலகார மாஸ்டர். இந்தப் பக்கத்து வீடுகளில் கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி என்றால் பல நாள் முன்னதாகவே இரண்டாம் கட்டு முற்றத்தில் அடுப்புப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் எல்லாம் அவர் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டவை. இப்போது வீட்டிலிருந்தே ஆர்டருக்குச் செய்கிறேன். அடுப்போடு ஓடிஜி என்கிற சின்ன மின்சார அவனும் இருக்கிறது. அப்பா எதைச் செய்தாலும் முதலில் பார்ப்பது ஈரத்தைத்தான். மாவில் எவ்வளவு இருக்கிறது, பாகில் எவ்வளவு இருக்கிறது, இன்றைக்குக் காற்றில் எவ்வளவு இருக்கிறது. இந்த குக்கீயிலும் விஷயம் அதுதான். ஒரு ஆப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர்.

அதை யோசிக்காமல்தான் முதல் தடவை ஆப்பிளைப் பச்சையாகவே துருவி மாவில் போட்டேன். பிசையும்போது நன்றாகத்தான் இருந்தது. நாட்டுச் சர்க்கரை பட்டதும் துருவல் தண்ணீர் விட ஆரம்பித்தது, மாவு தளர்ந்தது, நான் இன்னும் கொஞ்சம் மைதா போட்டேன். வெந்து வந்தபோது பார்க்க அழகு. மறுநாள் காலையில் சம்படத்தைத் திறந்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ஊறிய அடை மாதிரி கிடந்தன. ஆச்சிக்கு அதைக் கொடுக்கவில்லை. நாலு தடவை செய்து பார்த்த பிறகு கிடைத்த முறைதான் இது.

மிச்சிகனில் ஆப்பிள் பறிக்கிற காலமும் மரங்கள் சிவந்து இலை உதிர்க்கிற காலமும் ஒன்று, செப்டம்பர், அக்டோபர். அதனால்தான் அந்தக் குளிருக்கு இந்த குக்கீ. நமக்கு அப்போது இலை உதிர்வதில்லை, அக்டோபர் பாதிக்குமேல் மழை பிடிக்கிறது. பழைய தமிழில் ஐப்பசி கார்த்திகையைக் கூதிர்காலம் என்றார்கள். வடகிழக்குப் பருவமழையும் வாடைக்காற்றும் உள்ள காலம். பட்டையும் சுக்கும் போட்ட சூடான ஒன்றுக்கு நாக்கு ஏங்குகிற காலம் இங்கேயும் இதுதான். ஆப்பிளும் நமக்கு அப்போதுதான் நல்ல விலையில் வரும். ஆகஸ்டிலிருந்து சிம்லா ஆப்பிள், அது முடிகிற நேரத்தில் காஷ்மீர் ஆப்பிள்.

காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயில் பக்கம் தள்ளுவண்டிகளில் மூன்று விதம் பார்க்கலாம். மெழுகு பூசிப் பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டு ஆப்பிள் இதற்கு வேண்டாம்; குளிர்சாதனத்தில் பல மாதம் இருந்த பழமாக இருந்தால் உள்ளே மாவாகியிருக்கும், வாசமும் இருக்காது. பச்சை ஆப்பிள் நல்ல புளிப்பு, வேகவைத்தாலும் சுவை நிற்கும், ஆனால் விலை கூட. நான் வாங்குவது சின்னச் சைஸ் சிம்லா ஆப்பிள், தோலில் அங்கங்கே தழும்பு இருந்தாலும் சரி. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், காம்புப் பக்கம் முகர்ந்தால் மணக்க வேண்டும். புளிப்புப் போதவில்லை என்றால் எலுமிச்சை இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1916-ல் சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் அமெரிக்காவின் டெலிஷியஸ் வகை ஆப்பிள் கன்றுகளை நட்டார். இமாச்சலத்து ஆப்பிள் தோட்டங்கள் பெருகியது அங்கிருந்துதான். இதை ஆச்சியிடம் சொன்னபோது, "அப்ப அந்த ஊரு ஆப்பிளும் இந்த ஊரு ஆப்பிளும் பங்காளின்னு சொல்லு" என்றார்.

சரி, அளவு சொல்கிறேன். ஏறக்குறைய இருபது குக்கீ வரும். நடுத்தர ஆப்பிள் இரண்டு; விதைப்பகுதியை எடுத்துத் துருவினால் 300 கிராம் வர வேண்டும். மைதா 200 கிராம். மைதா பிடிக்காதவர்கள் அதில் 50 கிராமைக் கோதுமை மாவாக மாற்றிக்கொள்ளலாம், முழுக்கக் கோதுமை என்றால் வரட்டி மாதிரி ஆகிவிடும். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 110 கிராம், வெள்ளைச் சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். முட்டை கிடையாது. கார்த்திகை பிறந்தால் இங்கே பாதிப் பேர் மாலை போட்டுவிடுவார்கள், அதற்காகத்தான் முட்டையில்லாமல் செய்து பார்த்தேன். முட்டை செய்கிற வேலையை வற்றிய ஆப்பிளே செய்துவிடுகிறது.

முதல் வேலை ஆப்பிளை வற்றவிடுவது. தோலோடு துருவுங்கள், நிறத்துக்கும் மணத்துக்கும் தோல் வேண்டும். அடி கனமான வாணலியில் துருவலையும் எலுமிச்சைச் சாற்றையும் போட்டு நடுத்தர தீயில் வையுங்கள். சர்க்கரை இப்போது போடக்கூடாது; போட்டால் தண்ணீர் போகுமுன்பே அடி பிடிக்கும். முதல் ஐந்து நிமிஷம் துருவல் தன் தண்ணீரை விட்டு அதிலேயே தளதளவென்று கொதிக்கும். அப்போது விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பத்து நிமிஷத்துக்குப் பிறகு பக்கத்திலேயே நில்லுங்கள். கொதிக்கிற சத்தம் குறைந்து, கரண்டி பட்டால் சொர்ரென்று ஒரு சத்தம் வரும். வெளுப்பாக இருந்த துருவல் தேன் நிறத்துக்குத் திரும்பும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் அப்படியே நிற்கும், வாணலியின் அடி தெரியும்.

அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்போமே, அதுபோல இதற்கும் ஒரு பதம் இருக்கிறது. ஒரு எவர்சில்வர் தட்டைக் கொஞ்ச நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். வாணலியிலிருந்து அரை ஸ்பூன் விழுதை அதன்மேல் வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள். விழுதைச் சுற்றி ஈரம் வளையமாகக் கசிந்தால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். தட்டைச் சாய்த்தாலும் சுற்றிலும் காய்ந்த எவர்சில்வராகவே இருந்தால் இறக்கிவிடலாம். தராசு இருந்தால் நிறுத்துப் பாருங்கள், 300 கிராம் துருவல் 100 கிராமுக்கு வந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் பதினைந்து இருபது நிமிஷம் ஆகும். அதற்குமேல் காய்ச்சினால் மிட்டாய் மாதிரி இழுக்கும், மாவில் கலக்காது. இறக்கி, நன்றாக ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது வெண்ணெயில் போட்டால் வெண்ணெய் உருகி எல்லாம் கெட்டுவிடும்.

விழுது ஆறுகிற நேரத்தில் மசாலா. கடையில் பட்டை என்று கேட்டால் தருவது பெரும்பாலும் தடித்த, ஒரே அடுக்காக வளைந்த, கடித்தால் உறைக்கிற பட்டை. கறிக்கு அதுதான் வேண்டும், எண்ணெயில் தாளித்தாலும் கொதித்தாலும் தாங்கும். குக்கீக்கு இலங்கைச் சுருள் பட்டை நல்லது. சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும், விரலால் ஒடித்தால் பொடியும், இனிப்பாக மணக்கும். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொழும்பிலும் பினாங்கிலும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதனால்தானோ என்னவோ, சுருள் பட்டையையும் சாதிக்காயையும் இங்கே பழைய ஆச்சிகள் முகர்ந்தே தரம் சொல்வார்கள்.

விரல் நீளச் சுருள் பட்டை இரண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் மூன்று, மிளகு நாலு, அன்னாசிப்பூவில் ஒரே ஒரு இதழ். ஆல்ஸ்பைஸ் இல்லாத குறையை அந்த இதழும் மிளகும் தீர்த்துவிடும். இரண்டு இதழ் போட்டால் பிரியாணி வாசம் வந்துவிடும், ஆகவே கையை அடக்குங்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் கிட்டேயே வரக்கூடாது. மழைக்காலத்தில் இவையெல்லாம் ஈரம் பட்டு நமுத்திருக்கும். வெயிலில் காயவைக்க வழியில்லை என்பதால் தோசைக்கல்லைச் சூடாக்கி, தீயை அணைத்துவிட்டு, அதன்மேல் ஒரு நிமிஷம் பரப்பி எடுங்கள். வறுக்கக்கூடாது, சூடேறினால் போதும். அந்த ஒரு மேசைக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்தால் நைசாக அரைபடும். சலித்துக்கொள்ளுங்கள். சுக்குப்பொடி அரை டீஸ்பூன் சேருங்கள். சாதிக்காயை அரைக்காதீர்கள், கடைசியில் மாவின்மேல் நேராகத் துருவுங்கள், கால் டீஸ்பூன் அளவு. துருவி வைத்தால் அதன் வாசம் சீக்கிரம் குறைந்துவிடுகிறது.

மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, மசாலாப் பொடி எல்லாவற்றையும் ஒன்றாக இரண்டு தடவை சலியுங்கள். சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும், அது ஆப்பிளிலும் எலுமிச்சையிலும் இருக்கிறது. அளவு கூடினால் சோப்பு மாதிரி ஒரு அடிச்சுவை வரும். நாட்டுச் சர்க்கரையைத் தனியாகச் சலியுங்கள். ஐப்பசியில் அது கட்டி கட்டியாகத்தான் இருக்கும், கட்டி உடையாமல் போனால் அந்த இடத்தில் குக்கீ ஓட்டையாகி ஒழுகும்.

வெண்ணெய் விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளவென்று எண்ணெய் கசியக்கூடாது. இந்த மாதத்தில் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியில் வைத்தால் அந்தப் பதம் வந்துவிடும். சித்திரை என்றால் பத்து நிமிஷமே அதிகம். வெண்ணெயையும் நாட்டுச் சர்க்கரையையும் மரக்கரண்டியால் நாலைந்து நிமிஷம் அடியுங்கள். நிறம் வெளுத்து, கரண்டியில் எடுத்தால் லேசாகத் தெரியும். ஆறிய ஆப்பிள் விழுதைப் போட்டுக் கலக்குங்கள். திரிந்தாற்போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மாவு விழுந்ததும் சேர்ந்துகொள்ளும். சலித்த மாவை இரண்டு தடவையாகப் போட்டு, வெள்ளை மறைகிற வரைக்கும் மட்டும் புரட்டுங்கள். முறுக்கு மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தால் மைதாவில் இழுவை வந்துவிடும். பிறகு குக்கீ கடிக்க ரொட்டி போல இருக்கும். மாவு கையில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதைப் பார்த்து மைதா கூட்டாதீர்கள். மூடிப் பிரிட்ஜில் நாற்பது நிமிஷம் வையுங்கள். வெண்ணெய் இறுகி, மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு, உருட்டத் தோதாக வரும்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா என்று கேட்கிறார்கள். வெண்ணெயில் தண்ணீரும் உண்டு, நெய்யில் இல்லை. ஆகவே 85 கிராம் நெய் போதும், அதுவும் உறைந்த நெய்யாக இருக்க வேண்டும். நன்றாகவே வரும், ஆனால் நான்கட்டாய் மாதிரி வாயில் உதிரும். நடுவில் அந்த மெத்து இருக்காது. எனக்கு வெண்ணெய்தான்.

ஓடிஜியை மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய 170 டிகிரியில் பதினைந்து நிமிஷம் முன்கூட்டியே சூடாக்குங்கள். மாவைப் பெரிய நெல்லிக்காய் அளவு, 25 கிராம், உருட்டி, பட்டர் பேப்பர் போட்ட தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்து, உள்ளங்கையால் அரை அங்குலக் கனத்துக்குத் தட்டுங்கள். இது அவ்வளவாகப் பரவாது, நீங்கள் தட்டிய உருவம்தான் கடைசியில் இருக்கும். ஒரு தட்டுக்குப் பத்து. மிச்ச மாவு அதுவரை பிரிட்ஜிலேயே இருக்கட்டும். நடுத்தட்டில் வைத்து, பத்தாவது நிமிஷம் தட்டைத் திருப்பி வையுங்கள். ஓடிஜியில் பின்பக்கம் எப்போதும் சூடு அதிகம். மொத்தம் பதினாலு முதல் பதினாறு நிமிஷம். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, நாட்டுச் சர்க்கரையால் முதலிலிருந்தே பழுப்புதான். ஓரத்தைத் தொட்டால் கெட்டியாகவும் நடுவைத் தொட்டால் இன்னும் மெத்தென்றும் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆற ஆற அது இறுகும். நடுவும் கெட்டியாகிற வரை விட்டால் ஆறினபிறகு கல்.

மழை நாளில் கரண்ட் போவது சகஜம். எனக்கு ஒரு தடவை எட்டாவது நிமிஷத்தில் போய், பதற்றத்தில் கதவைத் திறந்து பார்த்துவிட்டேன். சூடு மொத்தமும் வெளியே போய், குக்கீ அமுங்கிவிட்டது. கதவைத் திறக்காமல் விட்டால் உள்ளே இருக்கிற சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பத்து நிமிஷத்துக்குள் கரண்ட் வந்தால் இன்னும் நாலைந்து நிமிஷம் கூட்டி வையுங்கள், ஒன்றும் ஆகாது.

ஓடிஜி இல்லாதவர்கள் கனமான பழைய வாணலியில் ஒரு கிண்ணம் கல்லுப்பைப் பரப்பி, நடுவில் ஒரு இரும்புப் பிரிமணை வைத்து, இறுக்கமாக மூடி, பதினைந்து நிமிஷம் சூடாக்குங்கள். நாலைந்து குக்கீயை எவர்சில்வர் தட்டில் வைத்து உள்ளே இறக்கி, சிறு தீயில் இருபது இருபத்திரண்டு நிமிஷம். மேல்பக்கம் அவ்வளவாகச் சிவக்காது, சுவையில் குறை இல்லை. மூடியின் உள்பக்கம் வேர்த்துச் சொட்டாமல் இருக்க ஒரு மெல்லிய துணியை மூடியில் கட்டிவிடுங்கள், முனைகளை மேலே முடிந்து, தீ படாமல்.

எடுத்ததும் ஐந்து நிமிஷம் தட்டிலேயே இருக்கட்டும். உடனே தூக்கினால் உடையும். பிறகு கம்பித்தட்டுக்கு மாற்றுங்கள். கம்பித்தட்டு இல்லையென்றால் மாவுச் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம், நான் அப்படித்தான் வைக்கிறேன். அடியிலும் காற்று போக வேண்டும். இந்தக் காலத்தில் இரண்டு தப்பு நடக்கும். சூட்டோடு சம்படத்தில் போட்டால் உள்ளேயே ஆவி பிடித்து ஊறும். ஆறியபின் மறந்து வெளியிலேயே விட்டால் நாட்டுச் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடு துளியும் தெரியவில்லையென்றால் அந்த நிமிஷமே எடுத்து அடைத்துவிடுங்கள். சம்படத்தின் அடியில், வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த பச்சரிசி இரண்டு பிடியைத் துணியில் முடிந்து போடுவேன். அப்பா தேன்குழல் டின்னுக்குச் செய்கிற அதே வேலை.

சீடை முறுக்கு மாதிரி இது ஒரு மாதம் தாங்காது, பழம் சேர்ந்தது. வெளியில் நாலு நாள், பிரிட்ஜில் ஒரு வாரம். நமுத்துப்போனால் 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து ஆறவிட்டால் ஓரம் மறுபடி மொறுமொறுப்பாகும். நிறையப் பேருக்கு வேண்டும் என்றால் குக்கீயாகச் சேர்த்து வைக்காமல், மாவை உருட்டித் தட்டி ஃபிரீசரில் வைத்துவிடுங்கள்; ஒரு மாதம் கெடாது. வேண்டியபோது வேண்டியதை மட்டும் எடுத்து, உறைந்தபடியே இரண்டு நிமிஷம் கூட்டிச் சுட்டுக்கொள்ளலாம்.

ஆச்சிக்கும் அப்படித்தான் கொடுத்தேன். சுட்டது பத்து, உறைந்தது பத்து. தீபாவளி அன்று மதியம் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் ஒன்றை இரண்டாகப் பிட்டு முகர்ந்துவிட்டு, "இதுல எங்க ஊர்ல இல்லாத ஒண்ணு இருக்கே" என்றது. ஏலக்காய்தான் அது. டப்பாவைத் திறந்து கையில் ஒன்று வைத்தேன், உரித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது.